6413-ஆம் படம்

2006 நவம்பர் 19, ஞாயிறு. மாலை 4.30.

திருவாதவூருக்கு வெளியே, வேலை நின்றுபோன கல்குவாரிப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிவந்த சோணை, அவை கரையிலேயே மிரண்டு நிற்பதைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். ஒன்றுகூட இறங்கவில்லை. எட்டிப் பார்த்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில், பாறை இடுக்கில், ஒருவர் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

கரைப் பாறைமேல் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. கொஞ்சம் தள்ளி ஒரு கேமரா பை.

செத்தவர் ஜேசுராஜ், திருநகரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பையிலிருந்த கேமராவை போலீஸார் ஆன் செய்து பார்த்தார்கள். உயிரில்லை, பேட்டரி சுத்தமாகக் காலி. உள்ளே மெமரி கார்டு மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு படம்கூட இல்லை.

இருட்டுவதற்குள் அவருடைய உதவியாளன் உமேஷைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கள், காலை 10.15.

திருநகர் கலர் லேபில் கல்யாண ஆல்பங்களை வடிவமைப்பவள் ஹம்சவேணி. உமேஷின் அக்கா. வீட்டில் அம்மாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல்தான் அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிவனாண்டியின் வழக்கு கச்சிதமாக இருந்தது. சனிக்கிழமை ஜேசுராஜ் தன் மனைவி சகாயமேரியிடம் சொல்லியிருக்கிறார்: "கல்யாண மண்டபத்துல பொம்பளைக உடுப்பு மாத்துற ரூம்ல ஒருத்தன் திருட்டுத்தனமாப் படம் எடுக்குறான். கையும் களவுமா எடுத்து வச்சிருக்கேன். முதல்ல அவனையே கூப்பிட்டுக் கேக்குறேன். அப்புறம் போலீசு." பெயரைச் சொல்லவில்லை. ஜேசுராஜிடம் ஆறு வருஷமாக லைட் பிடிப்பவன் உமேஷ். ஞாயிறு மதியம் அவரை வண்டியில் குவாரிக்குக் கொண்டுபோனதும் உமேஷ்தான்.

"யாரோ வாராக, நீ கெளம்புன்னு சொன்னாரு சார். இறக்கிவிட்டுட்டு வந்துட்டேன்" என்று தலைகீழாக நின்றும் பிரயோஜனமில்லை. நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கொலைகாரன் என்பது ஒன்று. உடை மாற்றும் பெண்களைப் படம் எடுத்தவன் என்பது இன்னொன்று. இரண்டில் எது தன்னை அதிகம் அறுக்கிறது என்று ஹம்சவேணிக்கே தெரியவில்லை.

ஏதாவது அகப்படுமா என்று ஜேசுராஜ் கடைசியாகக் கொடுத்திருந்த படங்களைத் திறந்தாள். போன வியாழக்கிழமை எடுத்த கிரகப்பிரவேசம். கடைசிப் படத்தின் எண் 6371. ஒன்றும் அகப்படவில்லை.

10.40. கண்ணாடிக் கதவு திறந்தது. வந்தவன் ஹரிஷ்குமார். அதே திருநகரில் இன்னொரு போட்டோகிராபர்; ஹம்சவேணிக்குத் தூரத்துச் சொந்தம். வீட்டில் என்றால் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள். லேபில் நாலுபேர் இருந்ததால் தமிழ்.

"அக்கா, நேத்துலேர்ந்து எனக்குச் சோறே இறங்கல. உமேஷா இப்படின்னு... வக்கீல் பாக்கணும்னா சொல்லுங்க, நான் வாரேன்."

அந்த வார்த்தைக்கே அவளுக்குக் கண் கலங்கியது. அவன் இரண்டு கார்டுகளை மேஜைமேல் வைத்தான்.

"எங்க கல்யாணம்?"

"பேரையூரு. நேத்துக் காலைல முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். நடுவுல மண்டபத்துலயே ஒரு தூக்கம் போட்டேன். அம்புட்டு அலுப்பு."

ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். முதல் கார்டைச் செருகினாள். முதல் படம் கள்ளழகர். ஹரிஷ்குமாரின் கேமரா பை மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படம் அது. எந்தக் கார்டைப் போட்டாலும் அழகரை ஒரு க்ளிக் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். லேபில் எல்லோரும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

கடைசிப் படம் மதியப் பந்தி. எண் 1187.

இரண்டாவது கார்டு. மறுபடி அழகர். எண் 6414.

சுட்டியின்மேல் இருந்த விரல் நின்றது.

"என்னக்கா?" பின்கழுத்தருகே குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல. நம்பர் எகிறியிருக்கே, படம் எதுவும் விட்டுப்போச்சான்னு பாத்தேன்."

"கார்டு மாத்துனா நம்பரும் மாறத்தானக்கா செய்யும்."

"ஆமால்ல" என்றாள் ஹம்சவேணி. ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரும் மூன்று வருஷமாக மெமரி கார்டுமாகக் கிடப்பவள் அவள். அது அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் எழுந்து போகும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

பகல் 12.00. சகாயமேரி வீட்டு வாசல்.

"அண்ணனோட கேமரா சார்ஜரு வேணும் அக்கா."

சகாயமேரி வழிவிடவில்லை. "உன் தம்பிங்குறதுக்காக நான் விட்டுற மாட்டேன்."

"அவன்தான்னா நானே விடமாட்டேன்."

சார்ஜர் கைக்கு வந்தது.

பகல் 2.45. போலீஸ் ஸ்டேஷன்.

"நீங்க கேட்ட மாதிரி அவனையும் கேமராவோட வரச் சொல்லியிருக்கேன்" என்றார் சிவனாண்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி. "நாலு மணிக்கு நான் கோர்ட்டுல இருக்கணும்மா. சீக்கிரம்."

ஹரிஷ்குமார் உள்ளே வந்தான். ஹம்சவேணியைக் கண்டதும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் ஒரு புதுக் கார்டை நீட்டினாள். "இதப் போட்டு ஒரு படம் எடு தம்பி."

அவன் கார்டைப் போட்டான். கை தன்பாட்டுக்குப் பை மூடியைத் திறந்து அழகரை எடுத்தது. பழகின கை, கேட்டுக்கொண்டா செய்யும்?

"நம்பர் என்ன?"

"6732."

"ரிசப்ஷன்ல நீ எடுத்த கடைசிப் படம் 6731. இப்பக் கார்டு மாத்துன. நம்பர் மாறலையே?"

ஹரிஷ்குமார் கேமராவை மேஜைமேல் வைத்தான்.

"சார், உங்களுக்கே புரியும்" என்று திரும்பினாள். "எண்ணுறது கார்டு இல்ல, கேமரா. காலிக் கார்டப் போட்டா, விட்ட இடத்துலேர்ந்து தொடரும். செட்டிங்க மாத்தி வச்சிருந்தா ஒவ்வொரு கார்டுக்கும் ஒண்ணுலேர்ந்து வரும். இவனுக்கு மதியம் 1187. அடுத்தது 1188 வரணும், இல்லைன்னா 1 வரணும். 6414 வர ஒரே வழிதான் இருக்கு. பெரிய நம்பர் உள்ள வேற ஒரு கார்ட உள்ள போட்டு ஒரு படம் எடுத்தா, கேமரா அங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சுரும். அப்படி ஒரு கார்டு நேத்து மதியம் இந்தக் கேமராவுக்குள்ள போயிருக்கு."

"யாரு கார்டு?"

சார்ஜ் ஏற்றிய ஜேசுராஜின் கேமராவில் இன்னொரு புதுக் கார்டைப் போட்டு, எதிர்ச்சுவரைப் படம் எடுத்தாள். திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

மூலையில் எண் 6413.

"அண்ணன் கடைசியா எடுத்தது 6412. இவன் சாயங்காலக் கார்டு 6414-ல ஆரம்பிக்குது. நடுவுல ஒண்ணு குறையுது சார். அண்ணனோட பேட்டரி செத்துருச்சு. சாட்சிப் படத்த அழிக்கணும்னா கார்ட உருவித் தன் கேமராவுல போட்டாகணும். போட்டான். பழக்க தோஷம், முதல்ல அழகர எடுத்தான். அதுதான் 6413. அப்புறந்தான் எல்லாத்தையும் அழிச்சு, கார்டத் திரும்ப வச்சான். உமேஷுக்குச் சொந்தமா ஒரு கேமரா கிடையாது சார்."

சிவனாண்டி எழுந்து வந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"பேரையூர் மண்டபத்துல தூங்குனியா மாப்ள? எந்த ரூம்ல? யாரு பாத்தா?"

ஹரிஷ்குமார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னான். "அந்தப் பேட்டரில கொஞ்சம் உசுரு இருந்திருந்தா..."

கோர்ட்டுக்குப் போன ஜீப்பில் உமேஷ் ஏறவில்லை.

டிசம்பர் 4, திங்கள். காலை 11.00. போலீஸ் ஸ்டேஷன்.

ஜேசுராஜின் கார்டு சென்னை போய்த் திரும்பி வந்திருந்தது. அழித்த படங்களை அங்கே மீட்டுவிட்டார்கள். 6409-இல் மணப்பெண் அறை ஜன்னலுக்கு வெளியே கேமராவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஹரிஷ்குமார் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. சிவனாண்டி கடைசிப் படத்துக்கு வந்தார்.

6413. பை மூடிக்குள் கள்ளழகர், பளிச்சென்று. ஓரத்தில் கொஞ்சம் மங்கலாகப் பாறை, தண்ணீர், ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு.

சகாயமேரி திரையருகே குனிந்தாள்.

"படம் எடுக்கும்போது செருப்பக் கழட்டி வச்சுட்டுத்தான் எடுப்பாரு" என்றாள். "வெறுங்கால்ல நின்னாத்தான் கை ஆடாதாம்."

ஹம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சகாயமேரி அதை உதறவில்லை.