சிவப்பு மை முதலில்

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. யார் கவனித்தார்கள்? காலை ஏழு மணிக்குக் கதவைக்கூடத் தட்டாமல் புயலாக உள்ளே நுழைந்த நாத்தனார், ஒரு பாஸ்புக்கைச் சமையல் மேடையில் ஓங்கி அடித்தாள்.

“பாரு அண்ணா! நல்லா கண்ணைத் தொறந்து பாரு! நான் எடுத்துட்டுப் போன அம்மாவோட டிரங்குப் பெட்டியில, புடவைக்கு அடியில இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல... ஒரு மாசம்கூட விடாம... அம்மா கணக்குல இருந்து பணம் எடுத்திருக்காங்க உன் பொண்டாட்டி!”

அண்ணன் பஸ் டிரைவர். சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“எடுத்திருக்காளா? யாரு, இவளா?”

“வேற யாரு? சிவப்பு மையில தொகை, பக்கத்துலயே அண்ணியோட கையெழுத்து. பன்னெண்டு வருஷமா ஹார்டுவேர் கடையில கணக்கு எழுதுறேன். நீலம்னா வரவு, சிவப்புன்னா செலவு. இதுகூடவா எனக்குத் தெரியாது?”

அவளுக்கா தெரியாது! அந்த வீட்டில் அவள் பெயரே கணக்குப்பிள்ளை. கடையில் ஒரு ஆணி குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு எவ்வளவு பெரிய ஆணியைத் தவறவிட்டாள் என்பதுதான் கதையே.

அண்ணி அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்து மேடையில் வழிந்த பாலைத் துடைத்தாள்.

“வாயில பூட்டா போட்டிருக்கு? பேசுங்க அண்ணி!”

“அத்தை கணக்கை முடிக்கப் பதினோரு மணிக்குச் சங்கத்துக்குத்தானே போறோம்... அங்க பாத்துக்கலாம்மா.”

“அங்க என்ன பாக்குறது? அம்மா போய் மூணு மாசம் ஆகல, இன்னும் கண்ணு ஈரம் காயல... அந்தப் பணத்துல எனக்கு ஒரு காசும் வேணாம்னு எழுதிக் குடுங்க. குடுத்துட்டு, வீட்டுச் சாவியை எங்க அண்ணன் கையில வெச்சுட்டுக் கிளம்புங்க!”

அண்ணி கணவனைப் பார்த்தாள். 'அதென்ன பேச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெதுவாகச் சட்டையின் இன்னொரு கையை மாட்டிக்கொண்டான். “எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடேன்... எனக்கே அசிங்கமா இருக்கு” என்றான்.

நாத்தனார் சொன்னது அவளுக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

சங்கம் என்பது பிஸ்கட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். செத்துப்போன மாமியார் அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பேக்கிங் பிரிவில் இருந்தவள். இவளும் அதே பிரிவுதான். இருவரும் ஒரே மேஜையின் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று பாக்கெட் ஒட்டினார்கள். அத்தை ஒரு நாளும் வாயாரப் புகழ்ந்ததில்லை. பாக்கெட்டில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று இவள் கையை நீட்டித் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்குவாள். “ஏ அரைக்கண்ணு! அது பிஸ்கட்டா, ஜோசியமா? சீக்கிரம் பாத்துத் தொலை!” என்று அத்தை கத்துவாள். பிரிவே சிரிக்கும்.

பஸ்ஸில் மூவரும் மூன்று இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அண்ணியின் கைப்பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் காலையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். 'நான் எடுக்கவில்லை, கட்டினேன்.' அவ்வளவுதான்! ஆனால் கட்டினாய் என்றால் எந்தக் கடன், யாருக்காக என்று அடுத்த கேள்வி வருமே. அத்தை சங்கத்தில் கடன் வாங்கியது நாத்தனாரின் வீட்டுக்காரர் டயர் கடை போடுவதற்காக. 'எங்கம்மா தன் சேமிப்பையெல்லாம் எடுத்து எங்களுக்குக் கடை வெச்சுக் குடுத்தாங்க' என்று நாத்தனார் தெருவெல்லாம் பெருமை பேசினாள். அது கடன் என்பது அவளுக்குத் தெரியாது. அத்தை படுக்கையில் விழுந்து சம்பளம் நின்றபோது, ஜாமீன் போட்டிருந்த மருமகள்தான் மாதா மாதம் கட்டினாள். “அவளுக்குத் தெரிஞ்சா கடையை வித்துடுவா. ரோஷக்காரி. நீ சொல்லக் கூடாது” என்று அத்தை கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உயிரோடு இருக்கிறவளின் மானம் இன்னொரு பக்கம். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவள் கைப்பைக்குள் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சங்க அலுவலகம், தொழிற்சாலை வாசலில் வருகை அட்டை குத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரே அறை. ஒரு இரும்பு பீரோ, கிறீச்சிடும் மின்விசிறி, எந்நேரமும் சுடச்சுட பிஸ்கட் வாசனை. செயலாளர் ஒரு காலத்தில் அடுப்புப் பிரிவில் இருந்தவர். சட்டைப்பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனா.

“இறப்புச் சான்றிதழ்... வாரிசுச் சான்றிதழ்... உறுப்பினர் அட்டை... பாஸ்புக். சரி, எல்லாம் இருக்கு. உக்காருங்க.”

அண்ணி உட்காரவில்லை. மடித்த காகிதத்தை மேஜையில் வைத்தாள். “சார்... நேத்து சாப்பாட்டு நேரத்துல வந்து கெஞ்சினேனே... அந்தச் சிவப்பு எழுத்து மேல எனக்கு எந்த உரிமையும் வேணாம்னு எழுதிட்டேன். அதை மட்டும் படிக்காம விட்டுடுங்க, சார்.”

நாத்தனார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

“பாத்தியா அண்ணா, பாத்தியா! நேத்தே வந்து ஆளைச் சரிக்கட்டப் பாத்திருக்காங்க! விடாதீங்க சார்... படிங்க! சத்தமா படிங்க!”

“சத்தமாத்தான்மா படிக்கணும்” என்றார் செயலாளர், இவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே. “வாரிசுங்க முன்னாடி படிக்காம கணக்கை முடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. அதுலயும் எங்க சங்கத்துல சிவப்பு மைதான் முதல்ல.”

“செலவு முதல்லயா?”

“செலவா? யார் சொன்னா செலவுன்னு? சம்பளத்துல பிடிச்சா நீல மை. கடன் வாங்கினவங்களால கட்ட முடியாம, ஜாமீன் போட்டவங்க தன் கைக்காசுல கட்டினா சிவப்பு மை. யார் கட்டினாங்களோ அவங்ககிட்ட பக்கத்துலயே கையெழுத்து வாங்கிடுவோம். நாளைக்குக் கணக்கு முடிக்கிறப்போ அவங்க பணத்தை முதல்ல திருப்பிக் குடுத்துட்டு, மிச்சத்தைத்தான் வாரிசுக்குக் குடுக்கணும்.”

நாத்தனார் பாஸ்புக்கைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“அப்போ... அண்ணி எடுக்கலையா?”

“இருபத்தாறு மாசம் கட்டியிருக்காங்கம்மா! கடைசித் தவணை, உங்கம்மா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. உங்கம்மா கடன் இல்லாமத்தான் போனாங்க.”

“எங்கம்மாவுக்கு ஏது கடன்?”

“வேணாம் சார்...” என்றாள் அண்ணி.

செயலாளர் கடன் பத்திரத்தைத் திருப்பி வைத்தார். விரலை ஒரு வரியின் கீழே நகர்த்தினார். கணக்குப்பிள்ளை குனிந்து படித்தாள். 'கடனின் நோக்கம்: மகள் குடும்பத்துக்குக் கடை வைக்க.'

“இது... எங்க டயர் கடை... அது அம்மாவோட சேமிப்புன்னு...”

“சேமிப்பு அதுல மூணுல ஒரு பங்குகூடக் காணாதும்மா.”

ஐயோ, அந்த முகம் போன போக்கை என்ன சொல்வது! தெருவெல்லாம் பேசிய வாய் திறந்தபடியே நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல தங்காம ஊர் சுத்துறாங்கன்னு... நான்தானே அண்ணி ஊரெல்லாம் சொன்னேன்? ஓவர்டைமா பாத்தீங்க? என் கடைக்கா?”

“அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க கண்ணு. நீ நிம்மதியா இருக்கணும்னு...”

“ரெண்டு வருஷமா கண் கண்ணாடி வாங்கிக்கோன்னு நானும் சொல்றேன். இப்போ என்ன அவசரம், இப்போ என்ன அவசரம்னியே...” டிரைவரின் குரல் உடைந்தது. “அதுவும் இதுக்குத்தானா?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பதினாறு வருட வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது.

“உங்க தங்கச்சிக்கு விவரம் தெரியாது, பேசினா. நீங்க? என்னோட பதினாறு வருஷம் இருந்தவரு! சாவியைக் குடுத்துட்டுப் போன்னு அவ சொன்னப்போ, 'வேணாம்'னு ஒரே ஒரு வார்த்தை... அது உங்க வாயில வரலையே!”

கைப்பையைத் திறந்தாள். வீட்டுச் சாவியை எடுத்து, பாஸ்புக்கின் மேல் வைத்தாள்.

“கேட்டீங்க. இந்தாங்க.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். நாத்தனார் பாய்ந்து சாவியை எடுத்தாள். அதை அண்ணியின் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போறதா இருந்தா நான் போறேன். நீங்க எங்கயும் போகக் கூடாது. அண்ணா, மரம் மாதிரி நிக்காதே, சொல்லு!”

“போகாதே” என்றான் அவன். “நான் வாயில்லாத முட்டாள்... போகாதே.”

செயலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். “இன்னும் ஒண்ணு இருக்கு. நாமினி படிவம். போன வருஷம் உங்கம்மா சக்கர நாற்காலியில வந்து மாத்தினாங்க. ஒரு வரி தப்புன்னு நான் சொன்னேன். 'எழுதினது எழுதினபடி இருக்கட்டும்யா'ன்னு என்னையே திட்டிட்டுப் போயிட்டாங்க.”

அண்ணி தாளை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள். கண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“சரிபாதியா ரெண்டு பேருக்கு எழுதியிருக்காங்க. உறவுமுறைன்னு இருக்குற இடத்துல, என் பேருக்கு நேரா... இளைய மகள். உங்க பேருக்கு நேரா...”

மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பஸ்ஸில் மூன்று இருக்கைகளில் வந்தவர்கள், திரும்பும்போது நெருக்கியடித்து ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. பாதி வழியிலேயே நாத்தனார் இருவரையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். “சிவப்பு மை முதல்லன்னா, கண்ணாடியும் முதல்ல!” என்று கண்ணாடிக் கடைக்குள் தள்ளினாள். கடைக்காரர் கனமான சோதனைச் சட்டத்தை அண்ணியின் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். படிப்பதற்கு ஒரு எழுத்து அட்டையை நீட்டினார்.

“அது வேணாம்ங்க, இதைப் படிக்கட்டும்” என்று நாத்தனார் நாமினி படிவத்தின் நகலை அண்ணி கையில் கொடுத்தாள். “படிங்க அண்ணி. சத்தமா படிங்க.”

அத்தையின் கோணல் எழுத்து. அவள் கையை நீட்டவில்லை, கண்ணைச் சுருக்கவும் இல்லை.

“மூத்த... மகள்.”

“எழுத்து தெரியுதாம்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“தெரியுதுங்க” என்றாள் அவள். “நல்லா தெரியுது.”