பலகைக்கு அடியில் கீறல்

தனியாக இழுத்த முதல் பலகை நகர்ந்ததும் கோபாலசாமி குனிந்து பார்த்தான். அடியிலிருந்த ஐஸில் ஒரு கீறல் ஓடியது. ஸ்கேட் கத்தி போட்ட கீறல். ஓரத்தில் வெள்ளைத் தூள் இன்னும் உதிரியாகக் கிடந்தது. வாரத் தொடக்கத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் பலகை போட்டு மூடிய தரை அது, அன்றிலிருந்து ஒருவரும் ஐஸைத் தொட்டதில்லை. எவனோ சரியாக வழிக்காமல் மூடியிருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததற்குப் போனான்.

அந்த அரங்கம் ஒரு நாள் கல்யாண மண்டபம், ஒரு நாள் பொருட்காட்சி, மற்ற நாளெல்லாம் யுனிவர்சிட்டிப் பையன்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் இடம். இன்று சாயங்காலம் அவர்களுக்கு மேட்ச். அதற்குள் ஐஸைக் கீறல் உடைசல் இல்லாமல் திறந்து தந்தால்தான் தான் வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் தருவேன் என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்திரி ஃபிளைட். ஊரில் மனைவி ஜெயபாரதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். காலையில் போனில் அவள் அழுததிலிருந்து அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். கூட்டாளி கலீலுர் ரஹ்மானும் மற்றவர்களும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். மிச்சப் பேர் மேடைச் சாமான்களோடு லாரியில் போய்விட்டார்கள். வெள்ளியன்று அவர்கள் வேலையை இவன் பார்ப்பதும் தீபாவளியன்று இவன் வேலையை அவர்கள் பார்ப்பதும் அவர்கள் தங்கியிருந்த அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் ஒரு வழக்கம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஐஸ் இளகக் கூடாதென்று ஓரத்து விளக்குகள் மட்டும் மங்கலாக எரிய, பலகை எடுத்த இடத்திலிருந்தெல்லாம் குளிர்ப்புகை எழும்பி மார்புவரை வந்து நிற்க, ஐஸை உறையவைக்கும் மெஷினின் உறுமலுக்கும் பலகைகளில் ஊறிப்போன அத்தர், பிரியாணி வாசத்துக்கும் நடுவே, இன்னும் எடுக்காத பலகைகளுக்கு அடியில் ஏதோ சர்ரென்று வழுக்கிப் போயிற்று.

நின்றான். சத்தமும் நின்றது.

குளிரில் பலகை முனகுவது அவனுக்குத் தெரியும். இது அது இல்லை. பலகைக்கும் ஐஸுக்கும் நடுவே விரல் நுழையக்கூட இடம் கிடையாது.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஓடினால் பாஸ்போர்ட் போச்சு. ஒரு பலகைக்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு முனையையும் சேர்ந்து தூக்க வேண்டும். ஒற்றையாக இழுத்து இழுத்து அவன் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடுத்ததன் முனையைப் பிடித்தபோது பழக்க தோஷத்தில் கூட்டாளியிடம் சொல்வதுபோல் வாய் தானாக யல்லா, தூக்கு என்றது.

மறுமுனையும் எழுந்தது.

பாய் வந்துவிட்டார். அவனுக்கு உயிர் வந்தது. முன்னால் போகிறவன் முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும், அதனால் பலகைகளை அடுக்கும் டிராலியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனான். ஜெயபாரதியைப் பற்றிச் சொன்னான். பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் என்று சொன்னான். பதில் இல்லை. தனக்கு லீவு கிடைக்காத வருத்தத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். வேலை பறந்தது. பாய் இவ்வளவு வேகமாக ஒருநாளும் தூக்கியதில்லை. ஆனால் பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. சர்ரென்று ஒரு சத்தம் மட்டும், அவன் நடையோடு நடையாக.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசிப் பலகை. பாதி வழி. எதிரே பக்கக் கதவு திறந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. தொப்பியும் கையில் பிரியாணிப் பொட்டலமுமாக கலீலுர் ரஹ்மான் நின்றார்.

"என்னப்பா கோபாலு, அம்புட்டையும் ஒத்தையாவா தூக்குன?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு அவர் கண் கோபாலசாமியைத் தாண்டிப் பின்னால் போனது. சிரிப்பு நின்றது. பொட்டலம் விழுந்தது.

"விட்டுரு தம்பி. கையை விட்டுட்டு வந்துரு."

விட்டால் பலகை விழும். ஐஸ் உடையும். மேட்ச் நிற்கும். ஃபிளைட் போகும். ஜெயபாரதி தனியாகக் கிடப்பாள். கோபாலசாமி பிடியை இறுக்கிக்கொண்டான். கதவு வழியே வந்த அனலில் புகை விலக, மெல்லத் தலையைத் திருப்பினான். பலகையின் அந்த முனை இடுப்பு உயரத்தில் இருந்தது. அங்கே ஒருவரும் இல்லை. கீழே ஐஸில் இரண்டு கீறல்கள், அவன் வந்த வழியெல்லாம்.

"பாய், அவளுக்கு மட்டும் போன் பண்ணி, நான் வர முடியலேன்னு சொல்லிருங்க" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் விட்டான்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தான். அவன் பிடித்திருந்த முனையும் விழவில்லை. அதையும் எவனோ ஏந்தியதுபோல் அதே உயரத்தில் நின்றது. அவனுக்கும் கதவுக்கும் நடுவே, ஒருவரும் இல்லாத ஐஸில், புதிதாக இரண்டு கீறல்கள் தாமாக விழுந்துகொண்டே வந்தன. மெதுவாக. கதவுக்குப் போகும் வழியை மறித்து அவன் பூட்ஸ் நுனியில் வந்து நின்றன. வெள்ளைத் தூள் தெறித்து அவன் முகத்தில் பட்டது.