நிலவில் இறங்க இரண்டு நாள்

அந்த வகுப்பில் தினமும் பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் மர ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டும். அன்றைய தேதியில், என்றோ ஒரு வருடம், உலகத்தில் எங்கோ நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நடித்துக் காட்டலாம், பாடலாம், படம் போடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் சொல்லக்கூடாது.

யாருக்கு எந்தத் தேதி என்பதை டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார். ஜூலை மாதச் சீட்டில் சுண்டெலிக்கு இருபதாம் தேதி வந்தது. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் சீட்டைப் பிரித்ததும் துள்ளிக் குதித்தாள்.

"டீச்சர், நிலாவுல மனுஷன் கால் வெச்ச நாள்!"

பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அது என்னோடது!"

எழுந்து நின்றவன் ஒட்டகம். கழுத்து நீண்டு, வகுப்பிலேயே உயரமாக இருப்பான். அவன் கையில் இருபத்தொன்று.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, ஜூலை இருபது. என் புத்தகத்துல இருக்கு!" என்றாள் சுண்டெலி.

"என் புத்தகத்துல இருபத்தொண்ணுன்னு இருக்கே!"

"உன் புத்தகம் தப்பு."

"உன் புத்தகம்தான் தப்பு. நீயும் தப்பு!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. டீச்சர் மேசையைத் தட்டினார். "நிலாவுக்குப் போனவங்க கூட இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."

ஆனால் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டில் சுண்டெலியின் அண்ணன் சிரித்தான். "அடி அசடே, இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே? இருபது முதல்ல வருமா, இருபத்தொண்ணு முதல்ல வருமா?"

சுண்டெலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலில் முதலில் ஏறப்போவது அவள்தான்! எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்கினால், ஒட்டகத்துக்கு மிச்சம் எதுவுமே இருக்காது.

உற்சாகமாக வேலையில் இறங்கினாள். பழைய குடையிலிருந்து நான்கு கம்பிகளைப் பிடுங்கி, அட்டைப் பெட்டிக்குக் கால் வைத்தாள். மேலே தங்க நிறக் காகிதம் ஒட்டினாள். பார்த்தால் அசல் நிலவு ஊர்தி போலவே இருந்தது. அம்மா மட்டும், "அது பழைய குடை இல்லடி, என் குடை!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சுண்டெலியின் செருப்பு வார் அறுந்தது. தெரு முனையில் செருப்புத் தைக்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஊசியில் நூல் கோத்து வாரை இழுத்துத் தைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த பலகையில் இரண்டு பெரிய வெள்ளைப் பூட்ஸ்கள் நின்றன. பழைய டயரை வெட்டிச் செய்த அடிப்பாகத்தில் வரி வரியாகக் கோடுகள்.

"இது யாருக்கு மாமா? யானைக்கா?"

கடைக்காரர் வாய் நிறையச் சிரித்தார். "எங்க வீட்டு ஒட்டகத்துக்குத்தாம்மா! பள்ளிக்கூடத்துல நிலாவுல நடக்கப் போறானாம். அடித்தடம் நல்லாப் பதியணும்னு மூணு தடவை பிரிச்சுத் தைக்க வெச்சுட்டான். ஆமா, நீயும் அதே வகுப்புதானே? நீ என்ன சொல்லப் போறே?"

சுண்டெலி அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இன்னும் முடிவு பண்ணலை மாமா," என்று முனகிவிட்டு வேகமாக நடந்தாள்.

செருப்பு சரியாகிவிட்டது. நடைதான் சரியாக இல்லை. அந்தப் பூட்ஸ்கள் யாரும் போடாமல் பலகையிலேயே நிற்பது போல மனதுக்குள் ஒரு படம் வந்தது. 'என் தேதி முதலில் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கேள்வி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரு திரும்பும் முன்னால் ஒரு முறை கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை, வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் சித்தி போனில் கூப்பிட்டார். பேச்சுக்கு நடுவில் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"என்ன சித்தி, ஞாயித்துக்கிழமை காலையிலேயே தூக்கமா?"

"உனக்குத்தான்டி ஞாயிறு. எனக்கு இன்னும் சனிக்கிழமையே முடியலை. இனிமேதான் படுக்கணும்."

சுண்டெலி போனை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடினாள். நிலவைப் பற்றிய பக்கத்தை இந்த முறை அவசரப்படாமல் படித்தாள். ஊர்தி நிலவில் இறங்கியவுடனே அவர்கள் கதவைத் திறக்கவில்லை! மணிக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். முதல் காலடி விழுந்தபோது, அவர்கள் புறப்பட்ட நாட்டில் இருபதாம் தேதி இரவு. வேறு பல நாடுகளில் அதற்குள் இருபத்தொன்று பிறந்துவிட்டது.

அப்படியென்றால் இரண்டு புத்தகமும் சரி!

நேராக ஒட்டகத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டென்று பூட்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஒளிக்காதே, நேத்தே பார்த்துட்டேன்," என்று மூச்சு வாங்கினாள் சுண்டெலி. "கேளு. ஊர்தி இறங்குறது என்னோடது. கால் வைக்கிறது உன்னோடது."

ஒட்டகம் கண்ணைச் சுருக்கினான். "என்ன, திடீர்னு இவ்வளவு நல்லவளாயிட்டே?"

"நேத்து வரைக்கும் இல்லை. இன்னிக்குக் காலையிலதான் ஆனேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு யோசித்தான். "சரி, நடுவுல ஒரு ராத்திரி இருக்கே?"

"இருக்கட்டும். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கட்டும்!"

இருபதாம் தேதி வந்தது. மேசை மேல் பெரிய தட்டு நிறைய மாவு. அதுதான் நிலவு. சுண்டெலி ஸ்டூலில் ஏறி, நூலில் கட்டிய ஊர்தியை மெல்ல மெல்ல இறக்கினாள். "பாறை இருக்கு, தள்ளிப் போ! எரிபொருள் தீரப் போகுது!" ஒருவரும் மூச்சு விடவில்லை. குடைக்கம்பிக் கால்கள் மாவில் புதைந்தன.

"இறங்கியாச்சு!"

வகுப்பு கைதட்டியது. "கதவைத் திற! கதவைத் திற!" என்று கூவியது.

சுண்டெலிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதல் காலடி. எத்தனை முறை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்! உதட்டை இறுக்கிக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"கதவு நாளைக்குத்தான் திறக்கும்."

"என்னது!" என்று வகுப்பே எழுந்து நின்றது.

"ஏய், இது அநியாயம்!" என்றான் ஒருவன்.

"உள்ள அவங்க சாப்பிட்டாங்களா?" என்று கவலைப்பட்டாள் முன் பெஞ்சுக்காரி.

டீச்சர் குனிந்து, "எனக்கு மட்டும் காதுல சொல்லேன்," என்றார். சுண்டெலி பெரிதாகத் தலையாட்டி மறுத்தாள்.

அன்று முழுக்கக் கணக்குப் பாடத்தின் நடுவிலும் எல்லாருடைய கண்ணும் தங்கப் பெட்டி மேலேயே இருந்தது. போகும்போது ஒருத்தி பெட்டியை லேசாகத் தட்டி, "பயப்படாதீங்க, காலையில வந்துடுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் யாருமே தாமதமாக வரவில்லை. தினமும் மணியடித்த பிறகு ஓடிவருகிறவன்கூட முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். இன்று நிலவு தரைக்கு வந்திருந்தது. பெரிய விரிப்பு முழுக்க மாவு. ஒட்டகம் பூட்ஸோடு ஸ்டூலில் ஏறி, முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு அடியாகக் கீழே வந்தான். காலை அந்தரத்தில் நிறுத்தினான்.

"வைடா!" என்று கத்தியவர் டீச்சர்தான்.

வைத்தான். காலை எடுத்ததும் மாவில் வரி வரியாக, அழகாக, ஒரு தடம். கூரை அதிரக் கூச்சல் எழுந்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் சுண்டெலி.

ஒட்டகம் விரிப்பு முழுக்க நடந்து காட்டிவிட்டு, கையை உயர்த்தி அமைதிப்படுத்தினான். "நிலாவுல நடந்தது ஒருத்தர் மட்டும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தரும் இறங்கினாரு." விரிப்புக்கு வெளியே வந்து, பூட்ஸைக் கழற்றி சுண்டெலி முன்னால் வைத்தான். "வா, உன் முறை."

சுண்டெலியின் கால்கள் பூட்ஸுக்குள் முழங்கால் வரை காணாமல் போயின. அவள் தொப்பென்று ஓரடி வைத்தாள், தடுமாறினாள், சிரித்தாள், இன்னோர் அடி வைத்தாள். ஒட்டகம் விரிப்புக்கு வெளியே கூடவே நடந்தபடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். விரிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவள் நடந்து முடித்ததும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நிலவு முழுக்கத் தடங்கள். எது அவளுடையது, எது அவனுடையது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.