மான் போட்டிருந்த கோட்டு

போன் அலறியது.

மா கியோங்சுக் அதைக் காதில் வைத்தாள். இப்போது ஓர் ஆள் அலறினான்.

"அடிச்சிட்டேன் மேடம்! ஒரே ரத்தம்...!"

"யாரை அடிச்சீங்க?"

"யாரையும் இல்ல... மான்! நீர்மான்! காட்டு ரோட்ல குறுக்க பாய்ஞ்சிடுச்சு. செத்திருக்கும். வண்டி மூஞ்சி போச்சு மேடம்! இன்சூரன்ஸ் கிடைக்குமில்ல?"

மா கியோங்சுக் பன்னிரண்டு வருஷம் போலீசில் இருந்தவள். ஆறு வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் பிடிக்கும் வேலை. போலீசில் இருந்ததைவிட இங்கேதான் அதிகப் பொய் கேட்டாள்!

காலை பத்தரை மணிக்கு ஹோங்ச்சோன் ஊர் எல்லையில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தாள். வெளியே பனி. உள்ளே அடுப்பின் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பு நிற வெளிநாட்டுக் கார்... மூக்கு உடைந்து நின்றது.

காரின் பக்கத்தில் பியோ ஜொங்டு. வயது ஐம்பத்தைந்து. ஊரில் இருக்கும் பெரிய டிரைவிங் ஸ்கூலின் முதலாளி. துக்க வீட்டுக்காரன் போல முகம்.

"ஸ்கூல் நடத்தற நீங்களே மோதிட்டீங்களா சார்?"

"மானுக்கு டிராஃபிக் ரூல் தெரியல மேடம்!"

மெக்கானிக் போங் கில்சு கிழங்கைப் பிட்டுக்கொண்டே சிரித்தான்.

மா கியோங்சுக் குனிந்தாள். பம்பரில் ரத்தம். ரத்தத்தில் ஒட்டிய ரோமம்.

"மான் எங்கே?"

"எழுந்து ஓடிடுச்சு."

"செத்திருக்கும்னு போன்ல சொன்னீங்க?"

"ஓடிப்போய்... செத்திருக்கும்."

"கார் கேமராவுல மெமரி கார்டைக் காணோம்?"

"அதுவா... மோதின வேகத்துல எங்கேயோ தெறிச்சு..."

"மான் எடுத்துட்டுப் போயிருக்கும் முதலாளி!" என்றான் போங் கில்சு.

"நீ வாயை மூடுடா!"

மா கியோங்சுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். ரோமத்தை மெல்ல இழுத்தாள். கொத்தாக வந்தது. அதன் அடியில்...

தையல்!

பழுப்பு நூலில், சீரான மெஷின் தையல்!

இது மானின் தோல் இல்லை. ஒரு பெண்ணுடைய குளிர்கோட்டின் காலர்!

குரலை மாற்றாமல் கேட்டாள். "சார்... உங்க வீட்டுக்காரம்மா எங்கே?"

பியோ ஜொங்டுவின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"அ... அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப?"

"காலைல."

"பாலிசியில அவங்க நம்பர் இருக்கு. பேசிப் பார்க்கறேன்."

பேசினாள். சுவிட்ச் ஆஃப்!

போங் கில்சு கிழங்கை மெல்வதை நிறுத்தினான்.

"முதலாளி... உங்க மாமியார் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாங்களே! நான்தான் சாவு வீட்டுக்கு வந்து மூணு கிண்ணம் சூப் குடிச்சேனே!"



பியோ ஜொங்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான். மா கியோங்சுக் இரண்டடி முன்னால் வந்தாள்.

"ரத்தம் இருக்கு. பொம்பளை கோட்டு இருக்கு. பொம்பளையைக் காணோம். மெமரி கார்டையும் காணோம். சார், இது இனிமே இன்சூரன்ஸ் கேஸ் இல்ல!"

"பின்ன...?"

"கொலைக் கேஸ்! போங், கதவைச் சாத்து. நான் போலீசுக்குப் பேசறேன்."

"ஐயோ! வேணாம்!" பியோ ஜொங்டு தொப்பென்று தரையில் மண்டியிட்டான். "நான் கொலைகாரன் இல்ல மேடம்! வெறும் ஃபிராடு! சத்தியமா ஃபிராடுதான்!"

"ரத்தம்?"

"மாட்டு ரத்தம்! சந்தையில சூப்புக் கடையில வாங்கினேன்!"

"ரோமம்?"

"அலமாரியில தொங்கின அவ கோட்டுல வெட்டினேன்!"

"அப்ப வண்டி எதுல மோதிச்சு?"

பியோ ஜொங்டு மெதுவாகக் குனிந்து ஷூவைக் கழற்றினான்... சாக்ஸைக் கழற்றினான். விரல் இடுக்கிலிருந்து ஒரு மெமரி கார்டு!

"கையுறையோட வாங்குங்க மேடம்" என்று எச்சரித்தான் போங் கில்சு.

ஷெட்டின் பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடியது.

காலை ஏழு இருபது. டிரைவிங் ஸ்கூல் மைதானம். கார் பூப்போல நகர்ந்தது. இண்டிகேட்டர் சரியான நேரத்தில் விழுந்தது. அழகான திருப்பம்...

சட்டென்று முன்னால் ஓர் உருவம்! பைஜாமாவில் பியோ ஜொங்டு! இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காரின் குறுக்கே பாய்ந்தான்.

"இறங்குடி! என் வண்டியை யாருடி தொடச் சொன்னது?"

கார் அவனைத் தவிர்க்க ஒடித்துத் திரும்பியது. 'பொறுமையே பாதுகாப்பு' என்று எழுதிய சிமெண்ட் தூண் எதிரே வளர்ந்தது.

டமார்!

காருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முனகல். "ஏங்க... என் கை... ஒடிஞ்சிடுச்சு போல..."

வெளியே பியோ ஜொங்டு ஓடி வந்தான். மண்டியிட்டான். பானெட்டைக் கட்டிக்கொண்டான்.

"என் தங்கமே! என் செல்லமே! எங்கே அடிபட்டுச்சு?"

உள்ளிருந்து மறுபடி அதே பெண் குரல். இந்த முறை முனகல் இல்லை.

"நான் உள்ள இருக்கேன்யா."

அவன் நிமிரவே இல்லை. ஹெட்லைட்டைத் தடவிக்கொண்டிருந்தான். கதவு திறந்து மூடும் சத்தம். காலடிகள் விலகிப் போயின.

மா கியோங்சுக் படத்தை நிறுத்தினாள்.

"பாலிசியில ஓட்டறது நீங்க ஒருத்தர்தான். அதனால அவங்க மோதினா காசு கிடையாது. சரி, நானே தூண்ல மோதிட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"டிரைவிங் ஸ்கூல் முதலாளி சொந்தத் தூண்ல மோதினான்னு ஊர் சிரிக்காதா மேடம்?"

"அவங்களுக்கு நீங்க ஓட்டக் கத்துக்கொடுக்கலையா?"

"இருபத்திரண்டு வருஷமா கேட்டா. உனக்கெல்லாம் வராதுன்னு சொல்லிட்டே இருந்தேன். திருட்டுத்தனமா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற எதிரி ஸ்கூல்ல சேர்ந்திருக்கா! அதுவும்..." அவன் மூக்கை உறிஞ்சினான். "முதல் தடவையிலேயே பாஸ்!"

"கை ஒடிஞ்சு எங்கே போனாங்க?"

"பஸ் ஏறினா."

"எந்த பஸ்?"

"பார்க்கலை... அப்ப கிரில்லைப் பார்த்துட்டிருந்தேன்."

மா கியோங்சுக்குக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. போலீஸ் வேலையை விட்டதற்கு முதல் முறையாக வருந்தினாள். நாம் யோன்ஜா என்ற அவன் மனைவி இந்தப் பனியில், கோட்டுகூட இல்லாமல், எங்கே விழுந்து கிடக்கிறாளோ...?

போன் அடித்தது. அவளுடைய ஆபீஸ்.

"மேடம், ஃபிராடு புகார் நம்பருக்கு ஒரு கால்! பியோ ஜொங்டுன்னு ஒரு ஆள் எப்படியும் பொய்க் க்ளெய்ம் போடப் போறாராம். சுன்ச்சோன் எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து பேசறாங்க. பேர் நாம் யோன்ஜா!"

மா கியோங்சுக் கண்ணை மூடித் திறந்தாள். உயிரோடு இருக்கிறாள்! கொலையானவளே புகார் கொடுக்கிறாள்!

"லைனைக் கொடு!" ஸ்பீக்கரைத் தட்டினாள்.

பியோ ஜொங்டு போன்மேல் பாய்ந்தான். "யோன்ஜா! நான்தான்! உனக்கு... உனக்குக் கை எப்படி இருக்கு?"

"பரவாயில்லையே! நாலு மணி நேரத்துல ஞாபகம் வந்திருச்சே!"

"கோபப்படாதம்மா... எந்தக் கை?"

"இடது கை. மாவுக்கட்டு போட்டாச்சு. ஆனா கையெழுத்துப் போடற கை ஜோரா இருக்கு."

"கையெழுத்தா? எதுல?"

"குடும்பக் கோர்ட்டு டைவர்ஸ் பேப்பர்ல. பக்கத்துத் தெருதான், மத்தியானம் போயிடுவேன். நீ உன் தங்கத்தைப் பார்த்துக்கோ."

லைன் அறுந்தது.

பியோ ஜொங்டு மெல்ல நிமிர்ந்தான். உடைந்த காரைப் பார்த்தான். மா கியோங்சுக்கைப் பார்த்தான்.

"மேடம்... இதுக்காவது ஏதாச்சும் நஷ்டஈடு உண்டா?"

மா கியோங்சுக் கையுறையைக் கழற்றி அடுப்புக்குள் எறிந்தாள்.

"தாராளமா உண்டு சார்... ஆனா அந்த க்ளெய்மை அவங்கதான் போடணும்!"