கூடு. அசைவில்லை

பாட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் இலை கடிபடும் சத்தம் கேட்டது. கரக், கரக் என்று நிதானமாக, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே யாரோ தின்றுகொண்டு போவது போல.

பால் காய்ச்சிக்கொண்டிருந்த நர்ஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். சத்தம் மகளின் அறையிலிருந்து வந்தது. கூடவே கசக்கிய எலுமிச்சை இலையின் வாசம், கண் எரியும் அளவுக்கு.

பள்ளியில் கொடுத்த வேலைதான் அந்தப் பாட்டில். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை தினமும் பார்த்து எழுத வேண்டும். தொட்டி எலுமிச்சையின் கொழுந்தில் ஒட்டியிருந்த கடுகளவு மஞ்சள் முட்டையை இலையோடு கிள்ளிப் போட்டிருந்தாள் மகள். மூன்றாம் நாள் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இதுக்குப் போய் அழுவாங்களாடி? நோட்டைக் கொண்டா."

"பாக்காம எப்படிம்மா எழுதறது?"

"உங்க மிஸ் மட்டும் படிச்சுக் கிழிக்கப்போறாங்களா?"

நர்ஸுக்கு இது பழகிய வேலை. வார்டில் நாலு மணிக்குப் பார்க்க வேண்டிய காய்ச்சலை இரண்டு மணிக்கே நோயாளியின் சீட்டில் ஏற்றிவிடுவாள். பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினாள். ஐந்தாம் நாள்: இலையைத் தவிர எதுவும் தின்பதில்லை. பன்னிரண்டாம் நாள்: தின்பதை நிறுத்திவிட்டது. பதின்மூன்றாம் நாள்: உயரத்தில் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பதினான்காம் நாள்: தோல் கழன்றது. கூடு. அசைவில்லை. அதற்குள் கை கடுத்தது. மிச்ச நாட்களுக்கெல்லாம், மேலே உள்ளதேதான் என்பதற்கு வார்டில் போடுவது போல, வரிக்கு வரி இரண்டு சின்னக் கோடுகள் இழுத்தாள். நோட்டு முடியும் வரைக்கும்.

மறுநாளே மிஸ் எதையும் படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இன்று நோட்டின் கணக்குப்படி ஐந்தாம் நாள். மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய இலை. கடைவாயில் பச்சை.

"என்னடி இது?"

"பசிக்குதும்மா. சாப்பாடு உள்ள எறங்கல."

"உன் சமையலுக்கு இலையே மேல்னு முடிவு பண்ணிட்டா போல," என்று கணவர் சிரித்தார்.

வார்டு டாக்டர் மகளின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். "பூச்சி மருந்து குடுங்க சிஸ்டர், சரியாயிடும்."

பன்னிரண்டாம் நாள் மகள் இலையையும் ஒதுக்கினாள். அன்றைக்குத்தான் நர்ஸ் அந்த நோட்டைத் திரும்ப எடுத்தாள். முதல் பக்கம். 'கவனிக்கப்படும் உயிர்.' நோயாளியின் சீட்டில் முதல் வரி எப்போதும் நோயாளியின் பெயர். கை தன் பழக்கத்துக்கு எழுதியிருந்தது. மகளின் பெயர். வயது ஒன்பது. பெண்.

பேனாவை எடுத்து அடித்தாள். கோடு ஊறி மறைந்தது. பெயர் அப்படியே இருந்தது. மறுபடி அடித்தாள். தாள் கிழிய அடித்தாள். தாள் கிழியவில்லை.

"அடிக்காதம்மா," என்றாள் மகள் பின்னாலிருந்து. "மிஸ் கையெழுத்துப் போட்டாச்சு."

மறுநாள் காலை கட்டில் காலி. அலமாரிக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில், முதுகு வளைந்து, தலை கவிழ்ந்து. கூப்பிட்டார்கள். இழுத்தார்கள். வரவில்லை.

அதற்கு மறுநாள் தரையில் கையுறை போல மெல்லியதாய் ஒரு ஜோடித் தோல் கிடந்தது. பத்து நகங்களோடு. மேலே, அவள் ஒட்டியிருந்த மூலையில் ஒரு பச்சைக் கூடு.

கணவர் ஏணியில் ஏறினார். கையில் கத்தி.

"கீழ போடுங்க அதை!"

"உள்ள இருக்கறது என் பொண்ணுடி!"

"கூட்டுக்குள்ள எல்லாம் கரைஞ்சு கூழா இருக்கும்ங்க. கீறினா ஒழுகிடும். ஒண்ணும் மிஞ்சாது."

அவர் ஏணியிலேயே உட்கார்ந்து அழுதார்.

பத்து நாளில் கூடு வெளுக்கும், உள்ளே நிறம் தெரியும் என்றது பாடப்புத்தகம். பத்து போனது. இருபது. நாற்பது. அதே பச்சை.

நர்ஸ் புது நோட்டு வாங்கினாள். முதல் வரியில் 'கவனிக்கப்படும் உயிர்' என்று எழுதி, எதிரே மகளின் பெயரை எழுதினாள். 'வெளியே வந்தாள்' என்று எழுதினாள். விடிந்து பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள். அவள் கையெழுத்திலேயே. கீழே சிவப்பு மையில் மிஸ்ஸின் கையெழுத்து.

தினமும் எழுதினாள். தினமும் கோடுகள்.

ஒரு காலை, வெயில் நேராகக் கூட்டின் மேல் விழுந்தபோது, உள்ளே ஏதோ உரசியது. ஏணியில் ஏறிக் காதை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா."

"சொல்லு கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"ரெக்கை முளைச்சிடுச்சும்மா."

"அப்போ வெளிய வாடி, தங்கம்."

"முடியலம்மா. இடம் பத்தல. அது இன்னும் பெரிசாகுது."

படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எலும்பு மடங்கும் சத்தம். "அம்மா, அம்மா" என்ற சத்தம்.

கன்னத்தை ஒட்ட வைத்தபடியே நின்றாள்.

கூடு அசையவில்லை.