கெட்ட தாளைக் கழுவச் சொன்னவர்

பிற்பகல் 3.05. அறைக் கதவைத் திறந்த அக்கா அலறவில்லை. வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

மேசையில் ஆளுயரத் தாள். வெயிலில் நீலப் படம் பதிப்பதற்காகக் காலை ஏழு மணிக்குக் கையால் மருந்து பூசி, இருட்டில் காயவைத்தது. இளமஞ்சளாக இருக்க வேண்டிய பூச்சு அழுக்கு நீலமாகிவிட்டது. முன்பே வெளிச்சம் பட்ட தாளில் இனிப் படம் பதியாது. கைவசமிருந்த கடைசிப் பெரிய தாள் அதுதான், மறுநாள் கண்காட்சி.

பூசியவளை அந்த வீட்டில் எல்லோரும் 'பிரஷ்' என்றே கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக அங்கே வேலை. இந்தப் படத்தில் அக்கா பெயரோடு அவள் பெயரும் வருவதாக இருந்தது. இப்போது, "நாளைலேர்ந்து வராதே" என்றார் அக்கா.

மாலை 4.10. மாடியில் குடியிருக்கும் இன்ஸ்பெக்டரம்மா இறங்கி வந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். கிழக்கே கதவு. தெற்கே கம்பி போட்ட கண்ணாடி ஜன்னல், அதற்கு இழுத்து மூடிய கறுப்புத் திரை. ஜன்னலடியில் மேசை.

"சாவி யார்கிட்ட?"

"எனக்கொண்ணு, தம்பிக்கொண்ணு, இவளுக்கொண்ணு."

"காலையில?"

"நானும் இவளும் எட்டரைக்கு வெளிய போயிட்டோம். இவ ஒரு மணிக்குத் திரும்பினா. நான் மூணுக்கு."

அக்காவின் தம்பி குறுக்கிட்டான். "நான் பத்து மணிக்கே கிளம்பிட்டேன். அந்த ரூம் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை. ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் இவ மட்டும்தான் இருந்தா. புழுக்கத்துல திரையை விலக்கியிருப்பா."

"நான் விலக்கலைங்க" என்றாள் பிரஷ்.

"தாளைக் கழுவுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"கெட்ட தாளை யாரும் கழுவ மாட்டாங்கம்மா. நேரா குப்பைதான்."

"நான் குப்பையிலயே காலத்தை ஓட்டினவ. கழுவு."

தண்ணீரில் மஞ்சள் கரைந்து ஓடியது. நீலம் தெளிந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஐந்து வெளிர்கோடுகள்.

"மூலையில பென்சில்ல என்ன குறி?"

"கதவுப் பக்கத்து மூலைங்க. அங்கேர்ந்துதான் எப்பவும் பூச ஆரம்பிப்பேன்."

இன்ஸ்பெக்டரம்மா தாளை மேசையில் பழையபடி பொருத்தினார். கோடுகள் ஜன்னல் பக்கத்து ஓரத்தில் தொடங்கி, கதவுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இது ஜன்னல் கம்பியோட நிழல். நிழல் விழுந்த இடம் மட்டும் நீலமாகலை. நிழல் மேற்க சாஞ்சா வெயில் எங்கேர்ந்து வந்திருக்கும்?" தம்பியைப் பார்த்தார். "கிழக்கேர்ந்து. அப்படின்னா காலையில. மத்தியானம் திறந்திருந்தா கோடு கதவைப் பார்த்துச் சாஞ்சிருக்கும். காலையில வீட்டுல இருந்தது நீங்க மட்டும்தான், தம்பி."

அவன் மழுப்பிப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்து வெடித்தான். "உன் பேர் பக்கத்துல அவ பேரா? கூடப்பொறந்த நான் என்ன கறிவேப்பிலையா?"

அக்கா அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பிரஷ் பக்கம் திரும்பி, "சின்னத் தாள்ல போட்டுக்கலாம்மா. நாளைக்கு வந்துடு" என்றார்.

பிரஷ் தன் சாவியையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவர் வெயிலைத்தான் உள்ள விட்டார்க்கா. என்னை வெளிய போகச் சொன்னது நீங்க."