ஐந்தாவது தம்ளர்

ஏழாயிரம்பண்ணையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைசி வருடப் புராஜெக்ட் பெட்டியோடு பட்டாசுக் கம்பெனிக்குள் நுழைந்தான் ஹரிஷ்குமார். வெடிமருந்து அறை ஒன்றுக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். வாசலில் மாட்டினால், உள்ளே போகிறவர்களைப் பெட்டி எண்ணும். ஐந்தாவது ஆள் நுழைந்தால் மணி அடிக்கும்.

பதினாலாம் அறையில் மாட்டினான். ராமுத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் உள்ளே போனார்கள்.

மணி அடித்தது. பெட்டியில் ஐந்து.

மூன்று முறை வெளியே அழைத்து, திரும்ப அனுப்பினான். மூன்று முறையும் ஐந்து.

"ஏலே இன்ஜினியரு, நாலு வரைக்கும் எண்ணத் தெரியல. நீயெல்லாம் காலேசு படிக்கியாக்கும்" என்றார் போர்மேன் சங்கரபாண்டியன். "இன்னொரு வாட்டி இந்தச் சத்தம் கேட்டுச்சு, ஒன் புராஜெக்டுல என் கையெழுத்து கெடையாது."

ராமுத்தாய் சிரிக்கவில்லை. நாலு தம்ளரில் தண்ணீர் ஊற்றியவள், ஐந்தாவதையும் நிரப்பி வாசற்படி ஓரம் வைத்தாள்.

"போன சீசன்ல தங்கத்தாய அஞ்சாவது ஆளா உள்ள அனுப்புனாக, தம்பி. கருகிக் கெடக்கையிலயும் தண்ணிதான் கேட்டா."

அன்று மாலை ஹரிஷ்குமார் மணியின் ஒயரை வெட்டிவிட்டான். கையெழுத்து கிடைத்தது.

மூன்றாம் நாள் ஆர்டர் நெருக்கியது. மாரிசெல்வியை ஐந்தாவது ஆளாக உள்ளே அனுப்பினார் போர்மேன்.

மணி அடிக்கவில்லை.

அறை வெடித்தபோது, அந்த ஐந்தாவது தம்ளரை நிரப்பத் தொட்டிக்குப் போயிருந்த ராமுத்தாய் மட்டும் பிழைத்தாள். மற்ற நாலு பேரும் போனார்கள். சுவரோடு தெறித்து விழுந்த பெட்டியை அவளே தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அவளுகளுக்கும் கொஞ்சம் தண்ணி வச்சிரு, தம்பி."

அவன் வைக்கவில்லை. ஒயரை மட்டும் ஒட்டவைத்தான்.

வாய்மொழித் தேர்வான வைவா அன்று பெட்டியைத் தேர்வறை வாசலில் மாட்டினான். பேராசிரியர், வெளித்தேர்வாளர், அவன். மூன்று.

கதவு தானாக அசைந்தது. கந்தக வாடை.

நாலு.

ஐந்து. ஆறு.

ஏழு.

எட்டு.

"நாலைத் தாண்டினா மணி அடிக்கணுமே, ஏன் அடிக்கல?" என்றார் தேர்வாளர்.

ஹரிஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். ஒட்டவைத்த ஒயர் வெட்டுப்பட்டுத் தொங்கியது.

மேசையில் நிரப்பி வைத்த மூன்று தம்ளர்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.